மான் டப்பாவில் நரி

இந்தக் குளிர்காலத்தில் பனி அள்ளும் மண்வெட்டியைக் கையால் தொடுவதில்லை என்று நான் தீர்மானம் செய்தது ஆகஸ்ட் மாதம். வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. இந்த மாதிரித் தீர்மானங்களுக்கு அதுதான் தோதான பருவம். அமெரிக்காவின் வடக்கே எங்கள் மான்டானாவில் ஜனவரியில் யாரும் தீர்மானம் செய்வதில்லை. மூக்கு இன்னும் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொள்வதோடு சரி.

எங்கள் வீட்டில் பனி அள்ளுவது யார் என்பது துப்பாக்கியால் முடிவாகும் விஷயம். பயப்பட வேண்டாம். அக்டோபர் மத்தியில் எங்கள் ஊர் துப்பாக்கிச் சங்கத்தில் கைத்துப்பாக்கிப் போட்டி நடக்கும். நானும் சுடுவேன், என் மனைவி நோலாவும் சுடுவாள். எங்கள் இருவரில் யாருக்குப் புள்ளி குறைவோ அவர் அந்தக் குளிர்காலம் முழுக்க வீட்டு வாசலிலிருந்து சாலை வரை பனி அள்ள வேண்டும். கல்யாணமான புதிதில் நானே கொண்டுவந்த ஏற்பாடு இது. அப்போது அவளுக்குத் துப்பாக்கியை எந்தப் பக்கம் பிடிப்பது என்றுகூடத் தெரியாது. நான்தான் கூடவே நின்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தேன். அந்த ஒரு குளிர்காலம் அவள் அள்ளினாள். அதற்குப் பிறகு நான் அள்ளிக்கொண்டிருக்கிறேன்.

நோலாவுக்கு வேலை மாவட்டச் சாலைப் பிரிவில். கோடையில் மண் சாலையைச் சமன் செய்யும் வண்டி, குளிர்காலத்தில் பனி தள்ளும் லாரி. பந்தயத்தை விட்டுவிட்டு ஆளுக்குப் பாதி அள்ளலாம் என்று ஒவ்வொரு செப்டம்பரிலும் நான் மெதுவாக ஆரம்பிப்பேன்.

"ஊர்ப் பனியெல்லாம் சம்பளத்துக்குத் தள்றேன். வீட்டுப் பனியை இனாமா வேற தள்ளணுமா?" என்பாள்.

நான் விவசாயிகளுக்கு ஆலங்கட்டி மழை இன்ஷூரன்ஸ் விற்கிறவன். குளிர்காலத்தில் எனக்கு வேலை கிடையாது. இடுப்பு ஒன்று இருந்தது, அதுவும் போன பிப்ரவரியில் மண்வெட்டியோடு போயிற்று.

அப்படிப்பட்ட நிலைமையில்தான் மருந்துத் தட்டுப்பாடு வந்தது.

நான் சொல்வது துப்பாக்கி மருந்து. எங்கள் பக்கத்தில் தோட்டாவைக் கடையில் வாங்கிச் சுடுகிறவனை விருந்தாளியாகத்தான் பார்ப்பார்கள். சுட்டு முடித்த பித்தளைக் கூட்டைப் பொறுக்கி வந்து, கழுவி, அடியில் பொறி தட்டுகிற புதுப் பொட்டு வைத்து, மருந்து அளந்து போட்டு, மேலே குண்டை அழுத்தினால் மறுபடியும் தோட்டா. பாதிச் செலவில் முடிந்துவிடும் என்று எல்லோரும் மனைவியிடம் சொல்வோம். பிறகு இரண்டு மடங்கு சுடுவோம்.

மருந்தில் அவசரக்கார மருந்து உண்டு, நிதானக்கார மருந்து உண்டு. கைத்துப்பாக்கிக்குக் குழாய் குட்டை. மருந்து சட்டென்று எரிந்து தீர வேண்டும். ரைஃபிளுக்குக் குழாய் நீளம், மருந்து அதிகம். அது நிதானமாக எரிய வேண்டும். நிதானக்காரனைக் கைத்துப்பாக்கியில் போட்டால் குண்டு பாதி வழியில் உட்கார்ந்துகொள்ளும். அவசரக்காரனை ரைஃபிளில் போட்டால் ரைஃபிளே பிளந்துவிடும், சுட்டவனை அவன் வீட்டு நாய்க்கு அடையாளம் தெரியாது. அதனால் எங்களுக்கு இரண்டு விதிகள். மருந்துப் புத்தகத்தில் உன் தோட்டாவுக்கு நேரே போட்டிருக்கும் மருந்தைத் தவிர வேறு எதையும் போடாதே. எந்த மருந்தையும் அது வந்த டப்பாவை விட்டு வேறு டப்பாவில் கொட்டாதே. இந்த இரண்டாவது விதியைப் பற்றிச் சங்கத்தில் நான் எழுந்து பேச ஆரம்பித்தால் பின்வரிசைக்காரர்கள் காப்பி குடிக்கப் போய்விடுவார்கள்.

எங்கள் ஷெட்டில் மூன்று டப்பாக்களைப் பற்றித் தெரிந்தால் போதும். நரிப் படம் போட்டது கைத்துப்பாக்கிக்கு. மான் படம் போட்டது ரைஃபிளுக்கு. வாத்துப் படம் போட்டது பறவை சுடுகிற இரட்டைக்குழலுக்கு.

அந்த ஆகஸ்டில் நானும் நோலாவும் க்ளைடின் ஹார்டுவேர் கடைக்குப் போனோம்.

"நரி இருக்கா க்ளைட்?"

"நரி மே மாசமே போச்சு."

"எப்ப வரும்?"

"வரும்னு கம்பெனிக்காரன் சொல்றான். எந்த வருஷம்னு சொல்லல. வாத்து வேணுமா? அடுக்கி வச்சிருக்கேன், யாரும் தொடல."

"வாத்து இரட்டைக்குழலுக்குப்பா. நான் கைத்துப்பாக்கிக்கு மருந்து கேக்கறேன். கடை வச்சிருக்கற உனக்கே வித்தியாசம் தெரியலன்னா எப்படி?" என்று ஆரம்பித்து, மருந்து எரியும் வேகத்தைப் பற்றி அவனுக்கு ஒரு பாடம் எடுத்தேன். பின்னால் நோலா வாத்து டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னவோ சொன்னாள். நான் பாடத்தின் நடுவில் இருந்தேன். பிறகு அவள் ஒரு வாத்தை வாங்கிக்கொண்டாள். அவள் தம்பி வாத்து வேட்டைக்காரன், அவனுக்காக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

திரும்பி வரும்போது வண்டியில்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. வீட்டில் மிச்சமிருந்த நரி, ஆளுக்கு ஒரு போட்டி சுடத்தான் காணும். பயிற்சிக்குக் கிடையாது. பயிற்சி இல்லாத நோலா எப்படிச் சுடுவாள் என்று எனக்குத் தெரியாது, அப்படி ஒரு நோலாவை நான் பார்த்ததில்லை. ஆனால் அவளுக்குப் பயிற்சி இல்லாமல் எனக்கு மட்டும் பயிற்சி இருந்தால்? மண்வெட்டி கை மாறும். ஜன்னலருகே உட்கார்ந்து காப்பி குடித்தபடி அவளுக்கு வழி சொல்வேன். "அந்த மூலையில கொஞ்சம் விட்டுட்ட பாரு." இந்த வாக்கியத்தை அன்றே மனப்பாடம் செய்துவிட்டேன்.

செப்டம்பரில் கனடா எல்லைப் பக்கம் ஆலங்கட்டி அடித்து நாசமான பார்லி வயலைப் பார்க்கப் போனேன். அங்கே ஒரு தீவனக் கடை. மாடு நக்கும் உப்புக்கட்டிக்கும் எலிப்பொறிக்கும் நடுவில், முத்திரை உடையாத நரி டப்பா ஒன்று உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. விலைகூடக் கேட்காமல் எடுத்துக்கொண்டேன்.

எங்கே ஒளிப்பது என்பதுதான் பிரச்சினை. நோலாவுக்குத் தெரியாமல் எங்கள் வீட்டில் ஒரு பொருளை வைப்பதென்றால் அதை விழுங்கத்தான் வேண்டும். அப்போது ஷெட்டின் மேல் தட்டில் இருந்த காலி மான் டப்பா ஞாபகம் வந்தது. தோள்பட்டை கெட்டதிலிருந்து நான் ரைஃபிளைத் தொடுவதில்லை. நோலாவுக்கு ரைஃபிளே பிடிக்காது. அந்த டப்பாவை யாரும் சீண்டப் போவதில்லை. அவள் வேலையில் இருந்த நேரமாகப் பார்த்து நரியை மான் டப்பாவில் கொட்டி மூடினேன். நரி டப்பாவைப் பெட்ரோல் பங்க் குப்பைத் தொட்டியில் போட்டேன். இரண்டாவது விதி ஞாபகத்துக்கு வரவில்லையா என்றால், வந்தது. அதெல்லாம் விஷயம் தெரியாதவர்களுக்காகப் போட்ட விதி என்று சமாதானம் செய்துகொண்டேன்.

அன்று இரவுச் சாப்பாட்டில் நோலா கேட்டாள்.

"போன இடத்துல மருந்து கண்ணுல பட்டுதா?"

"ம்ஹூம். தூசிகூட இல்ல."

"நல்லாத் தேடினியா?"

"தேடாம இருப்பேனா? தீவனக் கடை வரைக்கும் போய்ப் பாத்தாச்சு."

"பாவம்." உருளைக்கிழங்கை என் தட்டில் இன்னும் கொஞ்சம் வைத்தாள். "அப்ப ஒண்ணு பண்ணலாம் ஆர்விட். இந்த வருஷம் பந்தயத்தை விட்டுடலாம். உனக்குப் பயிற்சியே இல்ல. ஆளுக்குப் பாதி அள்ளிக்கலாம்."

வருஷா வருஷம் நான் கெஞ்சிக் கேட்டுக் கிடைக்காத வரம். தட்டில் வைத்து நீட்டுகிறாள். புத்தி இருக்கிறவன் என்ன செய்திருப்பான் என்று இன்றுவரை யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

"அதெப்படி?" என்றேன். "பந்தயம்னா பந்தயம்."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு, "சரி. உன் இஷ்டம்," என்று சாப்பாட்டைத் தொடர்ந்தாள்.

அதற்குப் பிறகு எனக்குப் பொற்காலம். அவள் வேலைக்குப் போனதும் தோட்டா அடைப்பேன். வாடிக்கையாளரைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டு ஊருக்கு வெளியே இருக்கும் சரளைக் குழிக்குப் போய்ச் சுடுவேன். அட்டையில் ஓட்டைகள் ஒன்றோடொன்று ஒட்ட ஆரம்பித்தன. வாழ்நாளில் நான் அப்படிச் சுட்டதில்லை. வீட்டுக்கு வந்து முகத்தைச் சோகமாக வைத்துக்கொள்வதுதான் கஷ்டமாக இருந்தது.

போட்டி நடந்த வாரம், ஒரு மாலை ஷெட்டுக்குள் போய் மேல் தட்டைப் பார்த்தேன். மான் டப்பாவைக் காணோம்.

மற்ற தட்டுகளைப் பார்த்தேன். பெயிண்ட் டப்பாக்களுக்குப் பின்னால் பார்த்தேன். பிறகு சாவகாசமாக நடந்து சமையலறைக்குள் போனேன். நோலா உட்கார்ந்து குளிர்கால பூட்ஸுக்கு மெழுகு தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"நோலா, மேல் தட்டுல ஒரு மான் டப்பா இருந்துதே?"

"ஆமா. டெல்மருக்குக் குடுத்துட்டேன்."

டெல்மர் பக்கத்து வீட்டுக்காரர். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர். இரண்டு கண்ணிலும் புரை. மான் வேட்டை முடியட்டும், அப்புறம் கண்ணைப் பார்த்துக்கொள்ளலாம் என்று டாக்டரிடமே சொல்லிவிட்டு வந்தவர்.

"குடுத்துட்டியா? எதுக்கு?"

"மான் சீசன் வருது. மனுஷன் ரைஃபிளுக்கு மருந்து இல்லாம கஷ்டப்படறாரு. நீதான் தொடறதே இல்லையே. ரெண்டு பாட்டில் ஹக்கிள்பெரி ஜாம் குடுத்தாரு. ரொட்டில தடவித் தரட்டுமா?"

"அது பழைய மருந்து நோலா."

"மூடி போட்டுத்தான இருந்துது."

"உள்ள ஈரம் ஏறியிருக்கும்."

"குலுக்கிப் பாத்தேன். பொலபொலன்னு இருந்துது. ஏன், உனக்கு வேணுமா?"

"வேணும்னு இல்ல."

"அப்ப விடு."

"ஒரு ஞாபகார்த்தமா வச்சிருந்தேன்."

"டப்பாவையா?"

"என்னோட முதல் மான் அந்த மருந்துலதான்..."

"உன்னோட முதல் மானை நீ லாரில இடிச்ச ஆர்விட். முன்பக்கக் கண்ணாடி மாத்தினோமே."

நான் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டேன்.

"எப்ப குடுத்த?"

"மத்தியானம். சாயங்காலமே தோட்டா அடைக்க உக்காரப் போறேன்னாரு. இந்நேரம் ஆரம்பிச்சிருப்பாரு."

நான் பயந்துபோனேன். இதை விளையாட்டாகச் சொல்லவில்லை. மானுக்கு அளக்கிற அளவில் நரியை அளந்து ரைஃபிளில் போட்டால் என்ன ஆகும் என்று இந்த ஊரில் என்னைவிட அதிகமாகப் பேசியவன் கிடையாது. டெல்மர் கன்னத்தை ரைஃபிளில் ஒட்டவைத்து ஒரு கண்ணை மூடும் காட்சி கண்ணுக்கு முன்னால் வந்தது. என் இடுப்பு போன சமயத்தில் வாரம் முழுக்கத் தன் வண்டியில் என்னை டாக்டரிடம் கூட்டிப்போன மனுஷர் அவர். பனி, பந்தயம், மண்வெட்டி எல்லாம் எங்கேயோ போய்விட்டது. போன் செய்தேன், மணி அடித்துக்கொண்டே இருந்தது. தோட்டா அடைக்கும்போது கவனம் சிதறக் கூடாது என்று அவர் போனை எடுக்கமாட்டார். வீட்டுச் செருப்போடு வேலியைத் தாண்டி ஓடினேன்.

டெல்மர் தன் ஷெட்டில் விளக்கடியில் உட்கார்ந்திருந்தார். ரைஃபிள் தோட்டாக் கூடுகள் வாயைத் திறந்துகொண்டு வரிசையாக நின்றன. பக்கத்தில் மான் டப்பா.

"டெல்மர், மருந்து போட்டாச்சா?"

"வாப்பா. காப்பி குடிக்கிறியா?"

"போட்டாச்சான்னு கேட்டேன்."

"இல்ல, இப்பத்தான் கூட்டைத் தொடச்சு முடிச்சேன். ஏன் இப்படி மூச்சு வாங்குது?"

அப்பாடா என்று இருந்தது. ஆனால் நிம்மதி வந்த உடனே பின்னாலேயே பழைய புத்தியும் வந்துவிட்டது. இன்னும் ஒன்றும் ஆகவில்லையே, உண்மையைச் சொல்லாமலே டப்பாவை வாங்கிக்கொண்டு போய்விட்டால் என்ன?

"அந்த டப்பாவை நோலா தெரியாம குடுத்துட்டா. திருப்பித் தந்துடுங்க. உங்க ஜாமைக் கொண்டுவந்து குடுத்துடறேன்."

"திறந்துட்டீங்களா?"

"ஒண்ணைத் திறந்தாச்சு."

"திறந்த ஜாமை வாங்கி நான் என்னப்பா பண்றது?"

"வேற என்ன வேணும் சொல்லுங்க. ஃப்ரீசர்ல ஒரு முழுப் பன்னித்தொடை இருக்கு."

டெல்மர் டப்பாவைத் தூக்கி மூக்குக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார். "பன்னித்தொடையா? இதுக்கா? அவ்வளவு நல்ல மருந்தா இது?"

"இல்ல, மோசமான மருந்து."

"மோசமான மருந்துக்குப் பன்னித்தொடை தர்றியா?"

"ரெண்டா தர்றேன்."

"அப்ப இது ரொம்ப நல்ல மருந்து." டப்பாவை மடியில் வைத்துக்கொண்டார். "இந்தத் தட்டுப்பாட்டுல இது யாருக்குக் கிடைக்கும்? இல்லப்பா, இது எனக்கே இருக்கட்டும். இந்த வருஷம் எனக்குப் பெரிய மானா விழப்போகுது."

"டெல்மர், சொன்னாக் கேளுங்க. அது எரியாது."

"எரியலன்னா மான் பொழைச்சுப் போவுது. உனக்கு என்ன?"

அவர் கை மூடியைத் திருக ஆரம்பித்தது. இன்னொரு கை அளக்கும் கரண்டிக்குப் போயிற்று.

"அது மான் இல்ல டெல்மர்," என்றேன். "உள்ள இருக்கறது நரி."

"எது?"

"நரி. கைத்துப்பாக்கி மருந்து. நான்தான் மான் டப்பால கொட்டி வச்சேன். நோலாவுக்குத் தெரியக் கூடாதுன்னு. அதைப் போட்டு நீங்க சுட்டிருந்தா..."

டெல்மர் மூடியை மறுபடி இறுக்கினார். டப்பாவை மேஜையில் வைத்தார். என் தோளுக்குப் பின்னால் பார்த்து, "நோலா, கேட்டுதாம்மா?" என்றார்.

"கேட்டுது," என்று வாசலிலிருந்து குரல் வந்தது. ஒரு கையில் பூட்ஸ், ஒரு கையில் மெழுகுத் துணியோடு நின்றிருந்தாள்.

டெல்மர் என் பக்கம் திரும்பினார். "ஆர்விட் வருவான், இதுல என்ன இருக்குன்னு அவன் வாயாலயே சொல்ற வரைக்கும் டப்பாவைத் தராதீங்கன்னு சொல்லிட்டுப் போனா. பன்னித்தொடை கிடைக்கும்னு அவ சொல்லல. இன்னும் கொஞ்சம் இழுத்திருந்தா மூணு ஆயிருக்கும்."

"அப்ப நீங்க தோட்டா அடைக்கப் போறதில்லயா?"

"என் தோட்டா ஜூலையிலேயே அடைச்சு அலமாரில இருக்குப்பா. கண்ணுதான் மங்கல், கையுமா மங்கல்? மான் மருந்து குச்சி குச்சியா இருக்கும். நரி தவிடு மாதிரி இருக்கும். தொட்டாலே தெரியாதா?"

தெரியும். தோட்டா அடைக்கும் எல்லோருக்கும் தெரியும். ஓடி வந்த வேகத்தில் எனக்கு மட்டும்தான் மறந்துபோயிருந்தது.

"உனக்கு எப்பத் தெரியும்?" என்று நோலாவைக் கேட்டேன்.

"பந்தயம்னா பந்தயம்னு சொன்னியே, அன்னிக்கே. மருந்தும் இல்லாம தைரியம் மட்டும் எங்கேருந்து வரும்? ஷெட்டுக்குப் போயி ஒவ்வொரு டப்பாவா தூக்கிப் பாத்தேன். காலி மான் டப்பா கனத்துது."

"அன்னிக்கே கேட்டிருக்கலாமே."

"கேட்டா என்ன சொல்லியிருப்ப?"

என்ன சொல்லியிருப்பேன் என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

"அன்னிக்கே அதுல இருக்கறது நெஜமான மான் மருந்துதான்னு நெனச்சு நான் யாருக்காவது தூக்கிக் குடுத்திருந்தேன்னா?" என்றாள். குரலை உயர்த்தவில்லை. "உனக்கு ஏதாவது ஆகி, ஷெட்டைக் காலி பண்றவன் எடுத்துட்டுப் போயிருந்தான்னா? கொஞ்சம் பனி அள்ளறதுக்குப் பயந்துகிட்டு இதைச் செய்வியா நீ?"

அவள் கோபப்பட்டுக் கத்துவாள், நான் தாங்கியிருக்கிறேன். இப்படி நிதானமாகக் கேட்டது தாங்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டேன். டெல்மர் காப்பி போட எழுந்து போனார்.

சந்தேகப்பட்ட மருந்தை எங்கள் ஊரில் என்ன செய்வார்கள் என்றால், புல்வெளியில் தூவிவிடுவார்கள். புல்லுக்கு நல்ல உரம். நோலா வராந்தாவில் நின்று பார்த்துக்கொண்டிருக்க, நான் மான் டப்பாவைக் கவிழ்த்து நரியைத் தூவினேன். இந்த நாட்டில் ஆயிரம் பேர் தேடி அலையும் மருந்து. பாதியில் நின்று ஒரு முயற்சி செய்து பார்த்தேன்.

"உள்ள என்ன இருக்குன்னு நமக்குத்தான் நல்லாத் தெரியுமே நோலா. சந்தேகம் எங்க இருக்கு?"

"உனக்குத் தெரியும். டப்பாவுக்குத் தெரியாது. தூவு."

தூவினேன்.

"நீயும் பயிற்சி பண்ணலியே. சனிக்கிழமை எப்படிச் சுடுவ?"

"யார் சொன்னா பண்ணலன்னு? வேலை முடிஞ்சு வர்ற வழியில சங்கத்துல சுட்டுட்டுத்தான வரேன். எங்கிட்ட வாத்து இருக்கே."

"அது இரட்டைக்குழல் மருந்து. விதி தெரியுமில்ல? புத்தகத்துல இல்லாததை..."

"புத்தகத்துல இருக்கு. நம்ம தோட்டாவுக்கு நேரேயே போட்டிருக்கு, அடுத்த பக்கத்துல. நரி மாதிரியே வேகம். கொஞ்சம் புகையும், குழாயை அடிக்கடி துடைக்கணும், அவ்வளவுதான். ஊரே நரி நரின்னு கடை கடையா ஓடுது. ஒருத்தரும் பக்கத்தைத் திருப்பிப் பாக்கல."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"கடையில வச்சே சொன்னேன். நீ க்ளைடுக்குப் பாடம் எடுத்துட்டிருந்த."

காலி டப்பாவைத் தட்டிக் காட்டினேன். அவள் தலையசைத்தாள். வானிலை கொஞ்சம் தெளிந்த மாதிரி இருந்தது. குரலைக் குழைத்துக்கொண்டு கேட்டேன்.

"பழைய நரியில என் பங்கும் பயிற்சியிலேயே தீந்துபோச்சு. சனிக்கிழமைக்கு எனக்கும் கொஞ்சம் வாத்து தருவியா?"

"தரலாம். ஆனா சனிக்கிழமை நீ சுடல."

"ஏன்?"

"இந்த வருஷம் சங்கத்துல பாதுகாப்புப் பொறுப்பு எனக்கு. மருந்தை வேற டப்பால வச்சிருந்தவன் அடுத்த வசந்தம் வரைக்கும் சுடற வரிசையில நிக்கக் கூடாது. விதி."

"அப்படி ஒரு விதி எப்பப் போட்டாங்க?"

"போன வருஷம். நீதான் எழுந்து முன்மொழிஞ்ச. நீ பேச்சை நிறுத்தினாப் போதும்னு எல்லாரும் கை தூக்கினோம்."

சனிக்கிழமை வந்தது. சங்கக் கூடாரத்தில் ஆப்பிள் கேக்கும் காப்பியும் விற்கிற மேஜையில் என்னை உட்கார வைத்துவிட்டார்கள். பலகையில் என் பெயருக்கு நேரே பெரிய பூஜ்யம். வந்தவர்கள் எல்லாம் கேக்கை வாங்கிக்கொண்டு பூஜ்யத்தைப் பற்றி விசாரித்தார்கள். டெல்மர் வந்து ஒவ்வொருவருக்கும் விளக்கம் சொன்னார். ஒவ்வொரு தடவையும் பன்னித்தொடைகளின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போயிற்று.

நோலாவின் முறை வந்தது. நான் எட்டிப் பார்த்தேன். என்ன இருந்தாலும் நான் சொல்லிக்கொடுத்த கை. போன வருஷம் கோப்பையும் அவளுக்குத்தான். வரிசையில் போய் நின்றாள், காதுக்கு அடைப்பானைப் போட்டாள், துப்பாக்கியை உயர்த்தினாள். ஒரு முறை சுட்டாள். அட்டையின் கடைசி வளையத்தில், எலி கடித்த மாதிரி ஒரு ஓட்டை விழுந்தது. ஒரு புள்ளி. மற்றவர்கள் அடுத்த குண்டுக்குக் காத்திருந்தார்கள். அவள் துப்பாக்கியைக் காலி செய்து கீழே வைத்தாள், அடைப்பானைக் கழற்றினாள், நேரே என் மேஜைக்கு வந்து ஒரு துண்டு கேக் எடுத்துக்கொண்டாள்.

"என்ன ஆச்சு? துப்பாக்கி சிக்கிக்கிச்சா?"

"இல்லையே. நல்லா இருக்கு."

"பின்ன ஏன் நிறுத்திட்ட? மிச்சத்தையும் சுட்டாத்தான கோப்பை?"

"கோப்பை வந்து பனி அள்ளாது," என்றாள் நோலா, மீதித் தோட்டாக்களைப் பைக்குள் போட்டுக்கொண்டே. "உன்னை ஜெயிக்க ஒண்ணு போதும் ஆர்விட். மருந்துத் தட்டுப்பாடு இருக்கற நேரத்துல வீணாக்கலாமா?"